ஏலமும் ஏலமும்: போடிநாயக்கனூரில் ஒரு கணக்கின் வரலாறு

தமிழில் 'ஏலம்' என்ற ஒரே ஒலிக்குள் இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன. ஒன்று மேற்குமலையின் ஈரநிழலில் விளையும் மணப்பயிர், பழந்தமிழ்ச் சொல். மற்றொன்று கூவி விலையேற்றி விற்கும் முறை. இது போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' கரையிறங்கித் திரிந்த வடிவம். மலையாளம் அதன் முதலெழுத்தைக் காத்து 'லேலம்' என்று வழங்குவதால் அங்கே இரண்டும் குழம்புவதில்லை. நாம் அந்த லகரத்தை உதிர்த்துவிட்டோம். ஆகவே, போடிநாயக்கனூரில் ஏலம் ஏலத்திற்கு வருகிறது என்று ஒருவர் சொன்னால் அது சிலேடையன்று, அன்றாடச் செய்தி.

அந்த ஊரின் ஏலக்கூடத்தில் 2007-ஆம் ஆண்டிலிருந்து விலையை ஏற்றி இறுதி செய்யும் வேலையை ஒரு கணினி நிரல் செய்துவருகிறது. அது என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆனால் கூடத்துக்குள் நுழையுமுன், அங்கே அமர்ந்திருக்கும் விவசாயியின் மனத்தில் ஓடும் கேள்வியைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். அது ஏலக்காய்க்கு மட்டும் உரிய கேள்வியன்று. இன்று வந்த விலைக்குக் கொடுத்துவிடலாமா, நாளை இதைவிட நல்ல விலை வருமா? வாடகை வீடு தேடி அலைந்தவர் எவரும் இக்கேள்வியின் மறுபாதியை அறிவர். இந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடலாமா, அடுத்த தெருவில் இன்னும் நல்ல வீடு கிடைக்குமா?

வீட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். போடியில் ஒரு குடும்பம் வீடு தேடுகிறது. வாடகை, தண்ணீர், பேருந்து நிலையத்துக்கான தொலைவு என மூன்று அளவைகள். மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியுமுன்னே கிளம்பிவிடும் ஊரில் தொலைவு என்பது அற்பச் செய்தியன்று. இரண்டு வீடுகள் இறுதிவரை நிற்கின்றன. பத்துக்கு இவ்வளவு என மதிப்பெண் இட்டால், முதல் வீட்டுக்கு வாடகையில் 6, தண்ணீரில் 9, தொலைவில் 4. இரண்டாவதற்கு 8, 5, 7. வாடகைக்கு 5, தண்ணீருக்கு 3, தொலைவுக்கு 2 என்று முக்கியத்துவம் கொடுத்துப் பெருக்கிக் கூட்டினால் முதல் வீடு 65 பெறுகிறது, இரண்டாவது 69. பத்து வரியில் இதற்கொரு நிரல் எழுதிவிடலாம். இரண்டு வீடுகளுக்குப் பதில் இருநூறு வீடுகளைக் கொடுத்தாலும் கண்ணிமைக்குமுன் வரிசைப்படுத்திவிடும். இப்போது வீட்டுக்காரம்மாள் குறுக்கிட்டு, தண்ணீர் பிடிப்பவள் நான்தானே என்கிறார். தண்ணீருக்கு 5, வாடகைக்கு 3 என மாற்றுகிறோம். முதல் வீடு 71, இரண்டாவது 63. வீடுகள் மாறவில்லை, கூட்டலிலும் பிழையில்லை. குடும்பத்தில் யாருடைய உழைப்புக்கு என்ன மதிப்பு என்ற பழைய வழக்கு இரண்டு எண்களுக்குள் புகுந்து தீர்ப்பை மாற்றிவிட்டது. நிரல் அந்த வழக்கைத் தீர்த்துவைக்கவில்லை. ஆனால் வழக்கு இருப்பதை வெளியே கொண்டுவந்தது. இதை நாம் சிறிய பயனாகக் கருதவில்லை.

இம்முறை கணினிக்கு மிக முந்தையது. 1772-இல் வேலை மாறுவதா வேண்டாமா என்று தவித்த ஜோசப் பிரீஸ்ட்லிக்கு பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. தாளின் நடுவே கோடு கிழித்து, சார்பானவற்றை ஒருபுறமும் எதிரானவற்றை மறுபுறமும் சில நாட்கள் எழுதிக்கொண்டே வந்து, சம எடையுள்ளவற்றை இரு பக்கமும் அடித்துவிட்டு, எஞ்சுவதைப் பார்க்கச் சொன்னார். பிரீஸ்ட்லிக்கு எதைத் தேர்வது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. வள்ளுவர் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல் என்று அடுத்தடுத்து அதிகாரம் வகுத்திருப்பதை இங்கே நினைக்கலாம். பிராங்க்ளினின் தாள் முதல் இரண்டுக்கு உதவும். மூன்றாவதற்கு உதவாது. ஏனெனில் அந்தத் தாளில் எல்லாத் தேர்வுகளும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கின்றன. மெய்வாழ்வில் வீடுகள் ஒவ்வொன்றாகவே வரும். வேண்டாமென்று விட்டது மறுநாள் வேறொருவருக்குப் போயிருக்கும்.

இந்தக் காலச்சிக்கலை நன்கு அனுபவித்தவர் வானியலாளர் கெப்ளர். முதல் மனைவி 1611-இல் இறந்தபின் பதினொரு பெண்களை ஒருவர்பின் ஒருவராகப் பரிசீலித்து, கலங்கி, கடைசியில் ஐந்தாமவரிடமே திரும்பிச் சென்று 1613-இல் மணந்தார். (அவர் காத்திருந்தார் என்பது கெப்ளரின் நல்லூழ், வீட்டு உரிமையாளர்கள் அப்படிக் காத்திருப்பதில்லை.) இதே சிக்கல் 1960-இல் மார்ட்டின் கார்ட்னரின் இதழ்ப் பத்தியில் புதிராக வந்தது, அடுத்த ஆண்டு டெனிஸ் லிண்ட்லி அதன் தீர்வை வெளியிட்டார். விடை வியப்பானது. மொத்தத்தில் ஏறத்தாழ 37 விழுக்காட்டைப் பார்த்து மட்டும் விட்டுவிட வேண்டும். அதன்பின், அதுவரை கண்ட எல்லாவற்றையும்விட மேலானது எது முதலில் வருகிறதோ அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். இருபது வீடுகள் பார்க்க முடியுமென்றால் முதல் ஏழும் கண்ணுக்குப் பயிற்சி. அவ்வாறு செய்தால் இருபதில் மிகச் சிறந்ததே கிட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 38 அளவில் இருக்கும். இதைவிடச் சிறந்த உத்தி இல்லை என்பது கணித முடிவு. சிறந்த உத்தியும் பாதிக்கு மேற்பட்ட தடவை தவறும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஹெர்பர்ட் சைமன் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1955-இல், வேறு திசையிலிருந்து வந்தார். கணினியைச் சிந்திக்கப் பழக்கிய முதல் நிரல்களுள் ஒன்றை ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கியவர் அவர். 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். மனிதன் எவ்வாறு முடிவெடுக்கிறான் என்பது பற்றிய அவருடைய அக்கட்டுரையில் எடுத்துக்காட்டாக வருபவர் வீடு விற்க நினைக்கும் ஒருவர். ஒவ்வொரு நாளும் ஒரு விலை கேட்கப்படுகிறது. விற்பவர் மனத்தில் 'இதற்குக் குறைந்தால் கொடுப்பதில்லை' என்ற ஒரு கோடு. அதைத் தொட்டதும் விற்றுவிடுகிறார். எதிர்காலம் முழுவதையும் கணக்கிட்டு உச்சத்தைத் தேடுவது மனித மூளைக்கு இயலாது. போதுமான அளவுக்கு நன்றாக இருப்பதை ஏற்றுக்கொண்டு நகர்வதே அதன் இயல்பு என்றார் சைமன். வீடு என்பதை எடுத்துவிட்டு ஏலக்காய் மூட்டை என்று வைத்தால் நாம் போடிக்கு வந்துவிடுகிறோம்.

ஆனால் போடியின் விவசாயிக்கு அந்தக் கோட்டைக் கிழிக்கும் உரிமை எப்போதும் இருந்ததில்லை. ஏலமலைகளின் பெரும்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. கிழக்குச் சரிவுக்குக் கீழே கம்பம், போடிப் பக்கத்துத் தமிழர்கள் மலையேறி அங்கே ஏலம் பயிரிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலக்காய் அரசின் ஏகபோகம். விளைந்ததையெல்லாம் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் கொடுத்த பங்கைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மலைக்குக் கீழே கொண்டுபோய் விற்றால் அது கடத்தல். 1896-இல் ஏகபோகம் நீக்கப்பட்டு நிலவரி வந்தது. எப்போது விற்பது, எவரிடம் விற்பது என்ற கவலை அன்றுதான் பயிரிட்டவரின் சொந்தக் கவலையாயிற்று. வரலாற்று நூல்கள் இதை வரிவிதிப்பு மாற்றமாக எழுதுகின்றன. முடிவெடுக்கும் பொறுப்பு கைமாறிய நாளாகவும் அதைப் படிக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

அரசு தன் சரக்கை விற்ற துறைமுகத்தின் பெயர் இன்றும் அழியவில்லை. ஏலக்காயின் தரப்பெயர்கள் ஆலப்புழையை முன்னொட்டாகக் கொண்டவை. ஆலப்புழைப் பச்சை எக்ஸ்ட்ரா போல்டு என்றால் காய் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் படியில் 435 கிராமுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். அடுத்த தரமான போல்டுக்கு 6 மில்லிமீட்டர். கணினி வருவதற்கு வெகுமுன்னரே சல்லடையும் லிட்டர்ப் படியும் இந்தக் காயை எண்களாக்கத் தொடங்கிவிட்டன. ஆயினும் எண்ணாகாத பகுதி ஒன்று உண்டு. நிறம், மணம், உள்ளே விதை கறுத்து முற்றியிருக்கிறதா என்பது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காயாகிறது. ஸ்டோர் என்று தோட்டத்தில் வழங்கும் உலர்கூடத்தில் ஓரிரவும் பகலும் சூடு சற்றே மிகுந்தாலும் பச்சை வெளுத்துவிடும்; அதை எந்தச் சல்லடையும் பிடிக்காது. வணிகர் மாதிரியை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றை நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தே விலை சொல்வார்.

1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்துக்குச் சென்றன. தோட்டம் ஒரு மாநிலத்தில், தோட்டக்காரரும் தொழிலாளரும் பலர் குடியிருக்கும் ஊர் மறு மாநிலத்தில் என்றாயிற்று. சந்தை இரண்டு பக்கமும் வளர்ந்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏலக்காய் வாரியம் அமைந்தது; 1987-இல் அது, ஊரார் ஸ்பைசஸ் போர்டு என்றே அழைக்கும் நறுமணப் பொருள் வாரியத்துள் கரைந்தது. உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் விவசாயிகளின் சரக்கை லாட் லாட்டாகப் பிரித்துக் கூடத்தில் வைக்க, உரிமம் பெற்ற வணிகர்கள் விலை கேட்பர். வாய்விட்டுக் கேட்கும் ஏலம். அதில் குரலும் முகமும் பழக்கமும் கலந்திருந்தன. யார் கேட்டால் யார் விலகிக்கொள்வார் என்பது கூடத்தில் பலருக்குத் தெரிந்திருக்கும். வணிகர்கள் தமக்குள் பேசிவைத்து விலையை அடக்குகிறார்கள் என்ற ஐயம் விவசாயிகளிடம் நெடுங்காலம் இருந்தது.

மின்னேலம் இந்த ஐயத்துக்கு மருந்தாகவே வந்தது. குன்னூர்த் தேயிலைக்கு 2003-இலேயே டீசர்வ் என்னும் மின்னேல மையம் அமைந்திருந்தது. 2007-இல் ஏலக்காய்க்கும், போடியிலும் கேரளப் பக்கத்து வண்டன்மேட்டிலுமாக, கணினி வந்தது. பின்னர் கேரளப் பக்கத்து ஏலம் புற்றடியில் வாரியம் அமைத்த நறுமணப் பொருள் பூங்காவுக்கு இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு வணிகரின் முன்னும் ஒரு திரை. லாட்டின் எண்ணும் எடையும் தோன்றும். விசையை அழுத்த அழுத்த விலை ஏறும். எவரும் அழுத்தாமல் நேரம் கடந்தால் கடைசியாக அழுத்தியவருக்குச் சரக்கு. வரத்து எவ்வளவு, விற்றது எவ்வளவு, உச்சவிலை, சராசரி விலை ஆகியவை அன்றே வெளியாகின்றன. மலைமேல் இருக்கும் சிறு விவசாயியும் அந்த எண்களைப் பார்த்துவிட முடிகிறது. முன்பு அவர் இடைத்தரகரின் வாயிலிருந்து கேட்டறிந்த செய்தி அது.

நிரல் என்ற சொல்லைப் பற்றி இங்கே சிறிது. ஆங்கிலத்தில் அதற்கு இணையான சொல் கணினிக் கட்டளைகளைக் குறிப்பதோடு திட்டமிடலையும் குறித்தது. ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் வகுத்த முறைக்கு அப்பெயர் அமெரிக்க விமானப்படையின் பயிற்சி, தளவாட அட்டவணைகளிலிருந்து வந்தது. நம் நிரலுக்குப் பொருள் வரிசை. பெயர்களை ஒரு வரிசையாகவும் அவற்றின் பயனிலைகளை மற்றொரு வரிசையாகவும் நிறுத்தி, எது எதனோடு சேரும் என்பதைப் படிப்பவரிடம் விடுவதை நம் இலக்கணத்தார் நிரனிறை என்றனர். போடிக் கூடத்து நிரலும் ஏறக்குறைய அவ்வளவே செய்கிறது. லாட்டுகளை ஒரு வரிசையிலும் விலைகளை ஒரு வரிசையிலும் நிறுத்துகிறது. எந்த விலைக்குக் கொடுப்பது என்பதை விவசாயியே தீர்மானிக்கிறார். அன்றாடப் பட்டியலில் வந்த அளவும் விற்ற அளவும் பல நாட்களில் ஒன்றாக இருப்பதில்லை. விற்காமல் நின்ற அந்தச் சில மூட்டைகளில் சைமன் சொன்ன மனக்கோடு தெரிகிறது.

ஐயம் தீர்ந்ததா என்றால், முழுமையாக இல்லை. வில்லியம் விக்ரி 1961-இல் தொடங்கிவைத்த ஏலக் கோட்பாட்டின் வழிவந்தோர் காட்டியிருக்கும் ஓர் உண்மை இங்கே பொருந்தும். விலை எல்லோர் கண்முன்னும் ஏறும் ஏலத்தில் கூட்டுச் சேர்ந்தோர் தம்முள் எவர் சொல் மீறினாலும் உடனே கண்டுகொள்வர். ஆகவே அவ்வகை ஏலத்தில் கூட்டு எளிதில் உடைவதில்லை. மூடிய உறையில் விலை எழுதும் முறையில் மீறியவர் யாரென்பது முடிவு வரும்வரை தெரியாது. திரை வந்ததால் பொய்க் கணக்கு எழுதுவது கடினமாயிற்று. வெளியே டீக்கடையில் பேசிவைப்பதைத் திரை எப்படித் தடுக்கும்?

இதைவிடப் பெரிதாக எங்களுக்குத் தோன்றுவது வேறொன்று. விலைக்கோட்டை எங்கே கிழிப்பது என்று முடிவெடுக்க விவசாயி பார்ப்பது வரத்து எண்ணை. வரத்து மிகுந்தால் விலை இறங்கும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் ஏலத்தில் வாங்கிய காயையே வணிகர் சிலர் மீண்டும் ஏலத்துக்கு அனுப்புகிறார்கள், அதனால் வரத்து உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்பது விவசாயிகள் பல்லாண்டாகச் சொல்லிவரும் குறை. ஒரே மூட்டை இருமுறை எண்ணப்பட்டால் கணினி இருமுறையும் பிழையின்றிக் கூட்டும். வீட்டுக் கணக்கில் தண்ணீருக்கு இட்ட 9 என்ற மதிப்பெண், வீட்டைக் காட்டிய தரகர் சொன்னதாக இருந்தால் எப்படியோ அப்படி.

2019 ஆகஸ்டை எடுத்துக்கொள்வோம். முந்திய ஆண்டின் பெருமழை செடிகளை அழித்தது, அதன்பின் கோடையும் கடுமையாயிற்று, காய் அரிதாயிற்று. ஆகஸ்டு 3 அன்று புற்றடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. ஏலக்காய் வரலாற்றில் அதற்கு முன் காணாத விலை. அது ஒரு லாட்டின் உச்சம், சராசரி மிகவும் கீழே என்பதைப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர் அறிவர். ஆனால் மலையெங்கும் பேச்சானது 7,000 என்ற எண்தான். சில ஆண்டுகளில், 2022 அளவில், சராசரி 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இடையில் சரக்கைப் பிடித்துவைத்தவர் எத்தனை பேர் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. 7,000 என்ற எண்ணை ஒருமுறை பார்த்துவிட்ட கண்ணுக்கு 3,000 நட்டமாகவே தெரியும். 2018-இல் அதே 3,000 கனவாகத் தெரிந்திருக்கும். 37 விழுக்காட்டு விதி இங்கே நேராகக் கெடுதல் செய்யும். பார்த்ததிலெல்லாம் சிறந்ததை விஞ்சும் விலைக்காகக் காத்திரு என்று அது சொல்லும். உச்சம் முன்பகுதியிலேயே வந்துவிட்டால், பருவம் முடியும்வரை காத்திருந்து கடைசி விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

விதியின் மேல் பிழையில்லை. அது மணமகளுக்கோ வீட்டுக்கோ வகுத்தது: ஒன்றே ஒன்றைத்தான் தேர முடியும், மிகச் சிறந்தது தவிர மற்றதெல்லாம் தோல்வி என்ற அனுமானத்தின்மேல் நிற்பது. ஏலக்காயோ மூட்டைகளாகப் பிரியும். ஏலச்செடியில் ஆகஸ்டு தொடங்கி மாசிப் பனி வரை, முப்பது நாற்பது நாளுக்கு ஒருமுறையாக ஐந்தாறு எடுப்பு. ஒவ்வோர் எடுப்பிலும் கூலிக்கும் உரத்துக்கும் வேண்டிய அளவை விற்றுவிட்டு மீதியை வைத்துக்கொள்வது மலையில் பலருடைய வழக்கம். உச்சத்தில் எல்லாவற்றையும் விற்ற பெருமை இவர்களுக்குக் கிடைக்காது; அடிவிலையில் எல்லாவற்றையும் இழந்த துயரமும் கிடைக்காது. இதை எழுதிவைத்த நூல் ஏதும் தேவைப்படவில்லை. வாரக்கூலி கேட்டு ஆட்கள் நிற்கும்போது தானாகவே அமைந்த உத்தி. குவாத்தமாலாவின் விளைச்சல் என்ன, அரபு நாடுகள் இவ்வாண்டு எவ்வளவு வாங்கும் என்பதையெல்லாம் உள்ளிட்டு விலையை முன்னறியும் மென்பொருள் எழுதுவோருக்கு நாம் எதிரியல்லர். ஆனால் அந்த மென்பொருள் சொல்லும் எண்ணைவிட, எத்தனை மூட்டையை அந்த எண்ணின்மேல் பணயம் வைக்கலாம் என்ற கேள்வி முக்கியமானது. அதற்கான விடை விவசாயியின் கடன் எவ்வளவு, மகளின் திருமணம் எப்போது என்பவற்றில் இருக்கிறது. கையிருப்பு உள்ள பெருந்தோட்டக்காரருக்குப் பொறுத்திருக்கச் சொல்லும் நிரல், ஓரேக்கர்க்காரருக்கும் அதையே சொன்னால் அது நல்ல நிரலன்று.

2020 மார்ச்சில் தொற்றுநோய்ப் பூட்டடைப்பால் ஏலம் நின்றது; மே இறுதியில் மீண்டும் தொடங்கியது. வாங்குவோர் மலையின் இருபுறமும் ஓடாமல் இருக்க வழிதேடப்பட்டது. 2021 சனவரியில் போடியும் புற்றடியும் மேகக்கணினி வழியே இணைக்கப்பட்டு, ஒரே ஏலத்தில் இரண்டு ஊரிலிருந்தும் விலை கேட்க வழி பிறந்தது. 1956-இல் எல்லைக்கோடு பிரித்த சந்தையை ஒரு கம்பி சேர்த்தது என்று அடுக்கிச் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் வணிகர்கள் அந்தக் கோட்டை என்றைக்குமே அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. மீட்டர் பாதையில் ஓடிய மதுரை ரயில் 2010 இறுதியில் நின்று, அகலப் பாதையாகி 2023 சூனில் போடிக்குத் திரும்பும்வரை இருந்த பன்னிரண்டரை ஆண்டுகளிலும் ஏலம் தன் வழியில் நடந்துகொண்டேதான் இருந்தது.

இப்போது புற்றடியில் ஒருவர் விசையை அழுத்தினால் போடியின் திரையில் விலை ஏறுகிறது. மாதிரிக் காயை மட்டும் கம்பி வழியே அனுப்ப வழியில்லை. அதைப் பொட்டலமாகக் கட்டி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து யாராவது கொண்டுவந்து மேசையில் வைத்தாக வேண்டும். திரையில் எண் ஓடத் தொடங்கும் முன் வணிகர் ஒரு காயை எடுத்து நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோகிறார்.